கடைக்காலுக்கு ஜவாப்தாரி யார்?

காவிரியின் மேல்கரையிலுள்ள கொடுமுடியில் வீடு கட்ட முனையும் ஒருவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. உறவினர் ஒன்று சொல்வார். கம்பி வியாபாரி மற்றொன்று சொல்வார். இவர்களையெல்லாம் மிஞ்சி, கைபேசியில் தோன்றும் முகமறியாத பிரசங்கி ஒருவர், நாலடி தோண்டினால் போதும், இன்ன கனத்தில் கம்பி இட்டால் போதும் என்று அடித்துச் சொல்வார். மனை எங்கே, மண் எத்தகையது என்று அவர் கேட்டதேயில்லை. நாடி பிடியாமலே மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் இவருக்கும் வித்தியாசம் யாதென்று நமக்கு விளங்கவில்லை.

மண்ணோ பர்லாங்குக்குப் பர்லாங்கு மாறுவது. ஆற்றோரத்து வண்டல் ஒரு விதம். காலிங்கராயன் வாய்க்கால் பாய்ந்து ஈரம் மாறாத வயல் மற்றொரு விதம். கொங்கு நாட்டு மேட்டுக்காட்டிலோ செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் மேலோட்டமாக இட்ட கடைக்கால் ஏறியிறங்க, சுவர் பிளக்கிறது. இதன் பொருட்டே, அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிப் பரப்பினர். கெட்டியான செம்மண்ணில் அது வீண் செலவு. கரிசலில் அதை விடுவது பெருநஷ்டம். குழி தோண்டிப் பாராமல் இதைத் தீர்மானிப்பது எங்ஙனம்?

கொத்தனார்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. செங்கல்லைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வதில் அவர்களுக்கு நிகரான எஞ்சினீயர்கள் சிலரே. ஆயினும் பளுவைக் கணக்கிடுவது வேறு வித்தை. ஒரு புறம் மண்ணைத் தாங்கும் சுவரை இரு மடங்கு உயர்த்தினால், அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கவிழ்க்கும் வலிமையோ எட்டு மடங்காகிறது. நீர் வடியத் துளை விடாவிடில், தேங்கும் மழைநீரின் பாரமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பழக்கத்தால் மட்டும் இது புலப்படாது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், அடைமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவரொன்று பக்கத்து வீடுகளின்மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவர்கள் ஏழை அருந்ததியர். அச்சுவரைப் பற்றி அங்குள்ளோர் முன்பே முறையிட்டிருந்தனராம். வழக்கை ஆராய்வது நமது வேலையன்று. ஆனால் சுவர் கட்டுவோர் வேறு, அதன் கீழ் மடிவோர் வேறு என்னும் கொடுமையை நாம் மறக்கலாகாது.

2024 ஜூலையில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு சலுகை அளித்தனர். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், சொந்தச் சான்றின் பேரிலேயே உடனடி அனுமதி பெறலாம். முன்கூட்டி அதிகாரி வந்து பார்ப்பதில்லை. அலைச்சலும் கைலஞ்சமும் குறையுமென்பதால் நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் இனி அந்தக் கையெழுத்துக்குப் பின்னே இருப்பது யாருடைய அறிவு? கம்பி வியாபாரியினுடையதா, கைபேசிப் பிரசங்கியினுடையதா? சலுகை வழங்கிய சர்க்கார், கொடுமுடி போன்ற பேரூராட்சிகளில் வாரம் ஒரு நாளேனும் ஒரு எஞ்சினீயரை அமர்த்தி, சொற்பக் கட்டணத்துக்கு மனையை நேரில் பார்த்து யோசனை கூறச் செய்யலாகாதா? மண் பரிசோதனைக்காகும் செலவு, வாசற்கதவுக்குச் செய்யும் செலவைவிட அதிகமாயிருக்கும் என்று நாம் நினைக்கவில்லை.