மறைந்தோரின் இணையக் கணக்குகள்

காணி உறுதி எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது, நகை எவரிடம் அடைவில் உள்ளது என்பனவற்றை வீட்டுப் பெரியவர் கண்மூடுமுன் யாரேனும் ஒருவரிடம் சொல்லிவைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். முன்யோசனை உடையோர் நொத்தாரிசிடம் சென்று மரணசாதனமும் எழுதிவைப்பர். ஆயினும், இன்று ஒருவர் விட்டுச்செல்வனவற்றுள் பெட்டகத்தில் அடங்காதனவும் உள. கடிதங்கள் மின்னஞ்சலில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் படங்கள் எங்கோ ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றின் திறவுகோலைப் பற்றி எவரும் எவரிடமும் பேசுவதில்லை.

இதனால் விளையும் இடர் எத்தகையது என்பதை ஜேர்மனி நாட்டு வழக்கொன்று காட்டும். 2012 டிசம்பரில் பேர்லின் நகரின் சுரங்க ரயில் நிலையமொன்றில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ரயிலில் அடிபட்டு இறந்தாள். அது விபத்தா, அன்றி அவள் தானே தேடிக்கொண்ட முடிவா என்பதைப் பெற்றோரால் அறிய இயலவில்லை. அவளுடைய பேஸ்புக் கணக்கிலுள்ள செய்திகளில் விடை இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். கடவுச்சொல் தாயிடம் இருந்தது. மகளே அதனைக் கொடுத்திருந்தாள். ஆனால் தாய் முயன்றபோது கதவு திறக்கவில்லை. யாரோ ஒருவர் மரணச் செய்தியைத் தெரிவித்துவிட, நிறுவனம் அக்கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றிவிட்டது. பூட்டே மாறியபின் பழைய சாவியால் யாது பயன்?

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2015இல் முதல் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. மகளோடு அந்தரங்கமாக எழுதிய ஏனையோரின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதே நிறுவனத்தின் வாதம். அது இலேசாகத் தள்ளத்தக்க வாதமன்று; தோழிக்கென எழுதியதைத் தோழியின் தாய் வாசிப்பார் என எந்தப் பிள்ளை எண்ணியிருக்கும்? எனினும், நாட்குறிப்பும் கடிதமும் வாரிசுகளைச் சேர்வதுபோலவே இக்கணக்கும் சேரும் என்று 2018 ஜூலை 12ஆம் திகதி ஜேர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அத்துடனும் முடியவில்லை. நிறுவனம் 14,000க்கும் அதிகமான பக்கங்கள் கொண்ட கோப்பொன்றைக் கொடுத்தது. அது போதாது, மகள் பார்த்தவாறே பெற்றோரும் கணக்கினுட் சென்று பார்க்க வழிவிட வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் மீண்டும் கூற நேர்ந்தது.

ஏழாண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்க எல்லாக் குடும்பங்களாலும் ஆகாது. உயிரோடிருக்கும்போதே கட்டணமின்றிச் செய்யத்தக்க ஏற்பாடுகள் உள. கூகிள் 2013 முதல் ஒரு வசதியை அளித்துவருகின்றது. கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரையில், உரியவர் குறித்த காலம் பயன்படாதிருப்பின், அவர் பெயரிட்டவர்களுக்கு அறிவித்தல் போகும். 10 பேர்வரை பெயரிடலாம்; எவருக்கு எதனைக் காட்டுவது என்றும் வரையறுக்கலாம்; அனைத்தையும் அழித்துவிடுமாறும் பணிக்கலாம். ஒன்றும் செய்யாது விட்டால், ஈராண்டுகள் பயன்படாத தனியார் கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு.

பேஸ்புக் 2015இல் மரபுரிமைத் தொடர்பாளர் என்ற முறையைக் கொண்டுவந்தது. அவர் நினைவுப் பக்கத்தைப் பேணலாம். அந்தரங்கச் செய்திகளை வாசிக்க முடியாது. ஆதலால் பேர்லின் பெற்றோர் தேடிய விடை இதனாற் கிட்டியிராது. தம் பக்கம் எஞ்சியிருப்பதையே விரும்பாதவர், இறந்தபின் அதனை நீக்கிவிடுமாறு முன்னரே கேட்டுக்கொள்ளலாம். அதுவும் மதிக்கத்தக்க விருப்பமே. அப்பிள் நிறுவனம் 2021 முதல் 5 பேர்வரை பெயரிட இடந்தருகின்றது. அவர்கள் முன்பே பெற்ற அணுகற்குறியீட்டோடு மரணச் சான்றிதழையும் காட்டினால் படங்களையும் குறிப்புகளையும் பெறுவர். சேமித்த கடவுச்சொற்களைப் பெறார்.

கடவுச்சொற்களை மரணசாதனத்தில் எழுதுவோரும் உளர். அது தகாது, அப்பத்திரம் நீதிமன்றில் பிறர் பார்வைக்கும் வரக்கூடியது. எந்தெந்தக் கணக்குகள் உள்ளன, அவற்றை யார் பொறுப்பேற்பது என்ற பட்டியலைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதியோடு வைத்தல் போதும். இன்னொன்று: துக்க வீட்டார் பலர் இறந்தவரின் தொலைபேசி இணைப்பை உடனே துண்டித்துவிடுகின்றனர். கணக்குகளை மீட்பதற்கான குறியீடு பெரும்பாலும் அவ்விலக்கத்துக்கே வருவதால், அலுவல்கள் முடியும்வரை அதனை வைத்திருத்தல் நன்று.