நல்லெண்ணெயும் நரம்பு நோயும் – ஒரு மலையக ஆய்வு

நரம்பு நோயை ஆராயும் மருத்துவர் நோயாளியின் தசையைச் சோதிப்பதோடு அமையாது, அவர்தம் அடுக்களையையும் வழக்காற்றையும் அறிய வேண்டிய வேளைகள் உண்டு. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தோன்றிய வாதநோய் அத்தகையதொன்று. பேராதனைப் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் நிமல் சேனாநாயக்க இதனை ஆராய்ந்து, சமூக மருத்துவ அறிஞர் ஜெயரத்தினத்துடன் இணைந்து 1981 இல் 'லான்செற்' இதழில் இதன் காரணத்தை வெளியிட்டார்.

நோயுற்றோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர். அனைவரும் தமிழ்ச் சிறுமியர். கெண்டைக்காலில் நோவு கண்டது, பின்னர் பாதங்கள் வலுவிழந்து தொங்கின, கைகளும் தளர்ந்தன. தொடுவுணர்ச்சியோ பெரிதும் கெடவில்லை. ஆடவரோ முதியோரோ இவர்களிடையே இல்லாமையே ஆய்வாளரைச் சிந்திக்கத் தூண்டியது. தொற்றுநோயாயின் அது பாலும் வயதும் பார்த்துப் பற்றுமா? விசாரித்தபோது, அச்சிறுமியர் யாவரும் அண்மையிலே பூப்பெய்தியவர் என்பது தெரியவந்தது.

பூப்பெய்திய பெண்ணைத் தனித்திருக்கச் செய்து, முட்டையும் நல்லெண்ணெயும் உண்ணக் கொடுப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். ஏனையோர் கறிக்குச் சிறிதளவு சேர்க்கும் எண்ணெயை இப்பெண்கள் நாள்தோறும் பருகினர். அவ்வெண்ணெயிலே திரைகிரீசைல் பொசுபேற்று என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. முன்னர்க் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. எனவே வழக்கத்தின் மீது பழி சுமத்துதல் பொருந்தாது. பெண்ணின் உடல் தேறவேண்டுமெனப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் அது; அதனைக் கொண்டுவந்து விற்றோரின் கவனக்குறைவே ஆராயப்பட வேண்டியது.

இந்நஞ்சு உலகிற்குப் புதியதன்று. 1930 இல் ஐக்கிய அமெரிக்காவில் யமேக்கா இஞ்சிச்சாறு என்னும் மதுக்கலவை மூலம் பல்லாயிரவரையும், 1959 இல் மொரோக்கோவில் விமான உராய்வுநீக்கி எண்ணெய் கலந்த சமையலெண்ணெய் மூலம் ஏறத்தாழ 10,000 பேரையும் அது முடமாக்கியது.

நஞ்சு உட்சென்றவுடன் வாதம் தோன்றுவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே தோன்றும். நரம்புக்கலங்களிலுள்ள ஒரு நொதியத்தை நஞ்சு பற்றிக்கொள்ள, மிக நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து அழியத் தொடங்குகின்றன. காலுக்குச் செல்லும் இழைகளே மிக நீண்டவை. ஆதலால் முதலில் கால் தளர்கிறது, பின்னரே கை. இது சுற்றயல் நரம்புகளின் நிலை. ஆனால் மூளையிலிருந்து முண்ணாண் வழியே இறங்கும் இயக்க இழைகளும் நீண்டவையே, அவையும் தப்புவதில்லை.

இவ்விடத்தில்தான் சேனாநாயக்க மூன்றாண்டுகள் நோயாளரைப் பின்தொடர்ந்து நோக்கியதன் பயன் விளங்குகிறது. சுற்றயல் நரம்பிழைகள் மெல்ல மீள வளரக்கூடியவை. முண்ணாணின் இழைகள் அவ்வாறு வளர்வதில்லை. தளர்ந்த தசைகள் ஓரளவு தேறியபோது, அதுவரை மறைந்திருந்த முண்ணாண் சேதம் கால்களின் விறைப்பாக வெளிப்பட்டது. முதல் மாதத்தோடு ஆய்வை முடித்திருப்பின், இது வெறும் சுற்றயல் நரம்பு நோயென்றே எழுதப்பட்டிருக்கும்.

இயக்க நரம்புக்கல நோய் எனப் பொதுவாகக் கூறப்படுவதில் கலமே மடிகிறது. இங்கு கலம் பிழைக்க, இழை மடிகிறது. இரண்டும் வேறென்றே நாம் கொள்ளலாம். ஆயினும் 2008 இல் அமெரிக்க ஆய்வாளர், மேற்கூறிய அதே நொதியத்துக்குரிய பரம்பரையலகில் ஏற்படும் மாற்றம், நஞ்சு எதுவும் உட்கொள்ளாதவரிடத்தும், கால் விறைப்பும் தசைத் தேய்வும் உடைய இயக்க நரம்புக்கல நோயைப் பிறப்பிப்பதைக் காட்டினர். தோட்டத்துச் சிறுமியரிடம் கண்ட குறிகளுக்கும் இதற்குமுள்ள ஒப்புமை குறிப்பிடத்தக்கது.

சேனாநாயக்க 1987 இல் கரலியத்தவுடன் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பூச்சிநாசினி அருந்தியோருக்கு ஓரிரு நாள்களின் பின் கழுத்துத் தசையும் சுவாசத் தசையும் செயலிழக்கும் 'இடைநிலை நோய்த்தொகுதி'யைப் பற்றியது. அதுவும் சேதனப் பொசுபரசு நஞ்சே. ஆயின் அங்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசமளித்தால் நோயாளர் பெரும்பாலும் மீள்வர். எண்ணெய் பருகிய சிறுமியருக்கு அத்தகைய மருந்தோ கருவியோ இருக்கவில்லை. மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து பறிப்பதற்குப் பாதமும் விரலும் ஒருங்கே வேண்டும். அவர்கள் இழந்தவை அவ்விரண்டுமே.