கிராங்க் ஷாப்ட் மாற்றியபின் எழும் தட்டலோசை



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழகத்தினுள் நுழைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு முதலிய தென் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நிலைத்தது. இவ்வெல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன.

இங்குள்ள மோட்டார்ப் பட்டறைகளில் உறுப்புகளின் பெயரால் இடர்ப்பாடு இல்லை. கிராங்க் ஷாப்ட், பேரிங், பிஸ்டன் என்பன இரு மொழியினர்க்கும் பொதுச்சொற்களே. ஓசையைச் சொல்லும்போதுதான் தொல்லை எழுகிறது. ஒருவர்க்கு ‘டக் டக்’ என்று கேட்பது மற்றொருவர்க்குக் ‘கட கட’ என்று கேட்கும். வேற்று மொழி வழங்கும் மாநிலங்களில் வண்டி வைத்திருக்கும் தமிழர் பலர்க்கும் இத்தொல்லை உண்டு. ஆதலின், ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்பொழுது எழுகிறது என்று கூறுதலே நலம்.

பிஸ்டன்களின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாப்ட். அம்பாசிடர் கார்களில் நெடுங்காலம் அமைந்திருந்த 1489 கன சென்டிமீட்டர் என்ஜினில் இதனை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின. நான்கு கனெக்டிங் ராடுகள் இதனோடு பிணைந்திருந்தன. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி, எழுதுதாளின் கனத்தினும் குறைவு. அதனுள் அழுத்தத்துடன் பாயும் ஆயிலே உலோகத்தோடு உலோகம் மோதாமல் காக்கிறது.

எனவே, தட்டலோசை கேட்டால் முதலில் நோக்க வேண்டியது ஆயில் அழுத்தம். எச்சரிக்கை விளக்கு அணையாவிடில் என்ஜினை உடனே நிறுத்துக. அழுத்தம் சரியாக இருப்பின், கீழ்க்காணுமாறு ஆராயலாம்.

சுமையுடன் மேட்டில் ஏறும்போது ஆழ்ந்த, கனத்த ஓசை எழுமாயின் மெயின் பேரிங்கை ஐயுறலாம். நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தும்போது கூர்மையான தட்டல் எழுமாயின், கனெக்டிங் ராட் பேரிங்கை ஐயுறுக. பழைய மாதிரிப் பெட்ரோல் வண்டியில், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகச் செயலற்றதாக்கிப் பார்ப்பதுண்டு. எந்தப் பிளக்கை நிறுத்தும்போது ஓசை குறைகிறதோ, குறை அந்த ராடில் இருக்கக்கூடும். மின்னணு முறையில் பற்றவைக்கும் புதிய வண்டிகளில் இச்சோதனை கூடாது.

கிளட்சை மிதிக்கும்போது ஓசை மாறுமாயின், தண்டு முன்பின்னாக அளவுக்கு மீறி நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். த்ரஸ்ட் வாஷர் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். பிளைவீல் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இத்தகைய ஓசை எழும். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் மறைவது பெரும்பாலும் பிஸ்டனின் ஓசை. விரைவுபடுத்தும்போது மட்டும் கிண்கிணென்று ஒலிப்பின், பற்றவைக்கும் நேரம் முந்தியிருக்கலாம். கிராங்க் ஷாப்டைக் கழற்றும்போது டைமிங் செயினும் கழற்றப்படுவதால் இது நேர்வதுண்டு. இதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. டைமிங்கைச் சரிசெய்தலே போதும்.

புதிதாக மாற்றியும் பேரிங் தட்டுவது ஏன்? கடைந்த தண்டுகள் 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாகக் குறைந்த அளவில் வரும். 0.010 அங்குலம் குறைந்த தண்டுக்குப் பழைய அளவுப் பேரிங்கை இட்டால், இடைவெளி ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கூடிவிடும். ஒரு ராடின் மூடியை வேறொரு ராடுக்கு மாற்றியிடுதல், கடைசலின்போது உதிர்ந்த துகள்களை ஆயில் துளைகளிலிருந்து நீக்காமை, போல்ட்டுகளை உரிய அளவில் முறுக்காமை ஆகியனவும் காரணங்களாம். மைக்ரோமீட்டரால் அளந்தால் ஐயம் தீரும்.

‘சற்று ஓடினால் சரியாகிவிடும்’ என்னும் சொல்லை நம்பிப் பயணம் புறப்படல் ஆகாது. பேரிங்கின் தட்டல் தானே தீர்வதில்லை. ராட் முறியின் அது என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். சில பேரிங்குகளின் விலையோடு முடிய வேண்டியது என்ஜின் முழுவதன் விலையாகும். வாடகைக் காரோட்டும் குடும்பத்திற்கு அது பல மாத வருவாய்.

ஆகவே, வண்டியைப் பெறும்போது தண்டின் அளவையும் பேரிங்கின் அளவையும் ரசீதில் எழுதி வாங்குக. தட்டல் கேட்டால் வேகம், சுமை, சூடு, கிளட்ச் ஆகிய நான்கின் நிலையையும் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்க. அக்குறிப்பு எம்மொழி பேசும் மெக்கானிக்குக்கும் விளங்கும். என்ஜினை வீணே மறுமுறை பிரிக்கும் செலவையும் தவிர்க்கும்.