கருப்பனின் தொடைச்சதை

எங்கள் கருப்பன் கோம்பை நாய். தோல் நோய்க்குப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டான். சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிப்பான், தின்ற வட்டிலை நக்கிக்கொண்டே கிடப்பான். தொடைச்சதை மட்டும் கரைந்துகொண்டே போனது. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தசைப் புரதத்தையும் கரைக்கும்.

அதற்காக மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். உடல் தானே சுரக்கும் கார்டிசால் அதற்குள் குறைந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். அவித்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, குழைந்த சோறு என 3 வேளையாகப் பிரித்து வைத்தேன். வெங்காயம், பூண்டு சேர்க்கவில்லை. தொடையைத் தடவினால் இப்போது சதை கைக்குத் தட்டுப்படுகிறது.

திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பவர்களே, பன்னீர் திராட்சையை மட்டும் ஆசையாகக்கூட ஊட்டாதீர்கள். நாயின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும்.