துன்பமும் திருச்சபைத் தலைமையும்

துன்பம் தலைவர்களை உருவாக்குகிறது என்னும் கருத்து நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. குருப்பட்ட ஆராதனைகளில் யோசேப்பின் குழியும் மோசேயின் வனாந்தரமும் தவறாமல் நினைவுகூரப்படுகின்றன. கருத்து மெய்யானதே. ஆயினும், அதனை ஆராயாமல் கூறுவோமாயின் இரண்டு தவறுகளுக்கு இடமளித்தவராவோம். துன்புற்றோர் அனைவரும் தாமாகவே தலைமைக்குத் தகுதி பெற்றுவிடுவர் என எண்ணுவது ஒன்று. பிறரைத் துன்பத்தில் வைத்திருந்து, அதற்கு இறைவனின் பயிற்சி எனப் பெயரிடுவது மற்றொன்று. ஆகவே, திருமறை இதுபற்றிப் போதிப்பதைச் சற்று நுணுகி நோக்குவது நன்று.

1. திருமறையின் சான்று

அரண்மனையில் வளர்ந்த மோசே தம் இனத்தாரின் சுமையைக் கண்டு பொங்கி எழுந்தார். எகிப்தியன் ஒருவனைக் கொன்று ஓடிப்போனார். பின்னர் 40 ஆண்டுகள் மீதியான் நாட்டில் அந்நியராய் வாழ்ந்து, மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். எந்த ஓரேப் மலைக்கு ஆடுகளை ஓட்டிச் சென்றாரோ, அதே மலைக்கு ஒரு மக்களினத்தையே பின்னர் அழைத்துவந்தார் (யாத். 3). தாவீது அதுல்லாம் குகையில் ஒளிந்திருந்தபோது அவரிடம் வந்து சேர்ந்தோர் படைவீரர் அல்லர், ஒடுக்கப்பட்டோரும் கடன்பட்டோரும் மனக்கசப்புற்றோருமான ஏறக்குறைய 400 பேர் (1 சாமு. 22). அரியணை ஏறுமுன்னரே, யாருக்காக ஆளவேண்டும் என்பதை அக்குகை அவருக்குக் கற்பித்தது.

இவர்களுக்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. யெரொபெயாம் சாலொமோனின் சினத்துக்குத் தப்பி எகிப்தில் அகதியாய் வாழ்ந்தவன். சுமை தாங்கமாட்டாத மக்களோடு ரெகொபெயாம் முன் நின்றவனும் அவனே. எனினும், ஆட்சி கைக்கு வந்ததும் அதனை இழந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் இரண்டு பொற்கன்றுகளை நிறுவி மக்களை வழிதவறச் செய்தான் (1 இராஜா. 11, 12). பட்ட துன்பம் அவனுக்கு அச்சத்தை மட்டுமே விட்டுச் சென்றது.

எனவே, துன்பத்தின் அளவு ஒருவரைத் தலைவராக்குவதில்லை. அத்துன்பம் அவரை இறைவனோடும் துன்புறும் மக்களோடும் பிணைத்ததா என்பதே கேள்வி. எபிரெயர் நிருபம் நம் ஆண்டவரின் பாடுகளை அவருடைய கீழ்ப்படிதலோடும், நம் பலவீனங்களைக் குறித்த அவருடைய பரிவோடும் இணைத்துக் கூறுவது இதனாலேயே.

2. நாற்றங்காலும் நடவும்

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இவ்வுண்மை வயலிலேயே விளங்கும். சம்பா நாற்று ஏறக்குறைய ஒரு மாதம் நாற்றங்காலில் நெருக்கமாக வளர்கிறது. பின்னர் அது பறிக்கப்படுகிறது. வேர் அறுபடாமல் நாற்றுப் பறிக்க இயலாது. நட்ட சில நாள்கள் பயிர் வெளிறி வாடி நிற்கும். பின்னரே பச்சை பிடித்துத் தூர் கட்டும்.

இங்குக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பறிப்பதனால் மட்டும் பயிர் உண்டாகிவிடாது. பறித்த முடியை வரப்பிலேயே விட்டுவிட்டால் அது காய்ந்துபோகும். நாற்றங்காலிலேயே நெடுநாள் விட்டாலோ, முற்றிப்போய்த் தூர் குறையும். பறித்ததை உரிய காலத்தில் நடுவதற்கு ஒரு கை வேண்டும். ஏற்றுக்கொள்ள ஒரு வயலும் வேண்டும்.

3. தரங்கம்பாடிச் சிறை

இதற்குரிய சான்றுகள் நம் படுகையின் திருச்சபை வரலாற்றிலேயே உள்ளன. இளமையிலேயே பெற்றோரை இழந்தவரும் உடல்நலம் குன்றியவருமான பர்த்தொலோமேயு சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கடன் வழக்கொன்றில் ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியது கோட்டைத் தளபதி ஹாசியுஸோடு மோதலாக முற்றியது. 1708 நவம்பரில் அவர் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியை அவர் அதற்கு முந்திய மாதத்தில்தான் தொடங்கியிருந்தார்.

நான்கு மாதங்கள் சிறையில் கழிந்தன. தொடக்கத்தில் எழுதுபொருள்களும் மறுக்கப்பட்டன. அவை கிடைத்தபின் அவர் இரண்டு நூல்களை எழுதினார். கிறிஸ்தவ வாழ்வு இறைவனுக்கு உகந்ததாய் அமைவது பற்றியது ஒன்று. போதக ஊழியம் இறைவனுக்கு உகந்ததாய் அமைவது பற்றியது மற்றொன்று. தம்மை அடைத்தவரைப் பற்றி எழுதுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் தம் ஊழியத்தைப் பற்றியே எழுதினார். விடுதலையான பின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின.

4. இராஜநாயக்கன் உபதேசியார்

அச்சான அந்நூல் தஞ்சைப் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவரின் கைக்கு எட்டியது. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். சுவிசேஷங்களைப் படித்துத் தரங்கம்பாடியாரோடு தொடர்புகொண்ட அவர், 1728இல் படைப்பணியை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பியக் குருமார் எளிதில் நுழைய இயலாத தஞ்சை நாட்டில் சபைகளைப் பேணினார். எதிர்ப்புகள் எழுந்தன, தாக்குதலொன்றில் தந்தையையும் இழந்தார். ஆயினும் பின்வாங்கவில்லை.

1733இல் ஆரோனும், 1741இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். இராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிமார் அறிந்திருந்தனர், அவரை மதித்தனர். ஆனால், அவருடைய கையிலிருந்து திருவிருந்து பெறப் பிற சாதிக் கிறிஸ்தவர் தயங்குவர் எனக் கருதி, அவருக்குக் குருப்பட்டம் அளிக்கவில்லை. 40 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த அவர், உபதேசியாராகவே 1771இல் மறைந்தார்.

இங்கே நாற்றில் குறையில்லை. அது பறிக்கப்பட்டது, வாடியது, பச்சையும் பிடித்தது. அதற்குரிய வயலைத்தான் திருச்சபை தர மறுத்தது.

5. நமக்குரிய படிப்பினை

யோசேப்பு தம் சகோதரரிடம் பேசியபோது அவர்கள் செய்த தீமையைத் தீமை என்றே கூறினார், இறைவன் அதனை நன்மையாக மாற்றியதையும் கூறினார் (ஆதி. 50). இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் உரிமை குழியில் கிடந்த யோசேப்புக்கு உண்டு. குழியில் தள்ளிய சகோதரருக்கு இல்லை. இராஜநாயக்கனின் பொறுமையைப் புகழ்ந்து, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை இறைவனின் பயிற்சி என்று நாம் கூறுவோமானால், சகோதரரின் வாயால் யோசேப்பின் சொல்லைப் பேசுகிறவராவோம்.

ஆகையால், துன்பத்தின் வழியே வந்துள்ள இளம் ஊழியர் தம்மையே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: நான் பட்டது என்னை என் மக்களண்டை சேர்த்ததா, அல்லது என் இடத்தைக் காக்கும் அச்சத்தை மட்டும் தந்ததா? ஊழியரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள நாமும் ஒன்றைக் கேட்டாகவேண்டும். இறைவன் ஆயத்தம்செய்து முடித்த நாற்றுகளில் எத்தனையை நாம் இன்னும் வரப்பில் காயவிட்டிருக்கிறோம்? நடவின் காலம் கடந்துபோகுமுன் இதற்கு விடை காண்போமாக.