கணவனும் மனைவியும் கொழும்புக்குப் போனால்...



‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள் சொல்கிறோம். அதன் வேரில் ‘திரையை விலக்குதல், வெளிப்படுத்துதல்’ என்ற கருத்தும் உண்டு. வீட்டில் மறைந்திருக்கும் குணத்தைப் பயணம் வெளியே கொண்டுவந்து விடுவதால்தான் அதற்கு இந்தப் பெயர் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இது எவ்வளவு உண்மை என்று பார்க்க நீங்கள் தூர தேசம் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்கவென்று புத்தளத்திலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ மனைவியோடு கொழும்புப் புறக்கோட்டைக்கு ஒரு நாள் போய் வந்தால் போதும்.

பஸ்ஸிலேயே ஆரம்பம்

காலை பஸ்ஸில் ஏறுகிறீர்கள். கணவர் காற்றோட்டமான இடமென்று இடப்பக்க யன்னலோரத்தைப் பிடிக்கிறார். முந்தல், சிலாபம், நீர்கொழும்பு என்று பஸ் தெற்கே ஓட, கிழக்கு வெயில் முழுவதும் இடப்பக்கத்தில்தான் விழுகிறது. மாலையில் திரும்பும்போது, “காலையில் இந்தப் பக்கம் வெயில், இப்போது மற்றப் பக்கம்தான் வெயில் இருக்கும்” என்று அவர் கணக்குப் போட்டு மீண்டும் இடப்பக்கமே அமர்கிறார். பஸ் திரும்பியது போல சூரியனும் மேற்கே போய்விட்டதை மறந்துவிடுகிறார்! வடக்கே வரும் பஸ்ஸுக்கு மேற்கு, இடப்பக்கம்தானே? ஆகவே காலையில் போய் மாலையில் திரும்புவோருக்கு இரு வேளையும் சாரதியின் பக்கமே நிழல். இதை மனைவி முன்பே சொல்லியிருப்பார். கேட்டிருக்க மாட்டோம்.

வெயில் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் கரையோர வெயில் வேறு, கொழும்பு வெயில் வேறு. புத்தளம் வரண்ட பிரதேசம். களப்புக் காற்றில் வியர்வை உலர்ந்துவிடும். அந்த வரட்சியால்தான் நம் உப்பளங்களில் உப்பு விளைகிறது. கொழும்பிலோ காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை உலராமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு சூடு தணியாதபோது நாவும் சூடாகிவிடுகிறது. நண்பகலில் புறக்கோட்டையில் சண்டை பிடிக்கும் தம்பதிகளில் பாதிப் பேருக்குத் தேவை சமாதானப் பேச்சு அல்ல. ஒரு தேசிக்காய்த் தண்ணீரும் அரை மணி நேர நிழலும்தான்.

எந்த மணிக்கூடு?

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். நாட்டாமைமார் வண்டிலைத் தள்ளிக்கொண்டு “வழி, வழி!” என்று சத்தமிட்டு வருவார்கள். கணவர் ஒரு பக்கம் ஒதுங்க, மனைவியும் பிள்ளையும் மறுபக்கம் ஒதுங்குவார்கள். வண்டில் போனபின் பார்த்தால் ஆளைக் காணோம். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். பல வீடுகளில் கணவருடைய தொலைபேசியும் பத்திரமாக மனைவியின் கைப்பைக்குள்தான் இருக்கும்!

“தவறிப்போனால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்போம்” என்று முன்பே பேசியிருந்தாலும் ஆபத்து நீங்கியதாகாது. ஏனென்றால் அங்கே மணிக்கூட்டுக் கோபுரங்கள் இரண்டு. புறக்கோட்டை முகப்பில் நிற்பது கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்ஸிக் குடும்பமொன்றின் மைந்தர்கள் தம் தந்தையின் நினைவாகக் கட்டி, 1923இல் நகர மக்களுக்கு அளித்தது. மற்றது கோட்டைப் பகுதியில், சதாம் வீதியில் நிற்கிறது. 1857இல் எழுந்த அதை வரைந்து கொடுத்தவர் அன்றைய ஆளுநர் ஹென்றி வோர்டின் மனைவி. பின்னர் அது கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. கணவர் ஒன்றின் அடியிலும் மனைவி மற்றதன் அடியிலும் ஒரு மணி நேரம் காத்து நின்றால் யாரைக் குறை சொல்வது? ‘கோட்டை ரயில் நிலையத்தில் நிற்போம்’ என்றாலும் குழப்பம்தான். பெயர் கோட்டை, நிலையம் இருப்பதோ புறக்கோட்டையில்!

ஆகவே, சந்திக்கும் இடத்தை ஐயமின்றிச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் போல வேறொன்று அங்கே இல்லை. அதன் வாசல் என்றால் யாரும் காட்டிவிடுவார்கள்.

பயமா, கோபமா?

ஒரு வழியாக இருவரும் சந்தித்துவிடுகிறீர்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் வாசகர்களே. அந்த ஒரு மணி நேரமும் கணவர் துடித்திருப்பார். மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் கண்டவுடன் “அல்ஹம்துலில்லாஹ்” என்று வர வேண்டிய வாயில், “உனக்கு அறிவில்லையா?” என்று வருகிறது. அதுவும் நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க. உள்ளே இருந்தது பயம். மனைவியின் காதில் விழுந்தது அவமானம். அன்று எடுத்த உடுப்பைப் பார்க்கும் போதெல்லாம் அவருக்கு அந்த வார்த்தையே நினைவுக்கு வரும்.

தொலைந்த மாலை

பயணத்தில் தம்பதியருக்கு இடைஞ்சல் வருவது நம்மோடு தொடங்கிய கதையல்ல. புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவான நிகழ்ச்சியொன்றை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களோடு ஒரு பயணத்தில் சென்ற ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்துவிட்டது. அதைத் தேட நபியவர்கள் தங்க, எல்லா மக்களும் அவர்களோடு தங்கினார்கள். அங்கே தண்ணீரும் இல்லை. மக்கள் அபூபக்ர் (ரழி) அவர்களிடம் முறையிட்டார்கள். அவர்கள் வந்து மகளைக் கடிந்துகொண்டார்கள். இடுப்பில் கையால் குத்தவும் செய்தார்கள். அப்போது நபியவர்கள் மனைவியின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தூக்கம் கலையக்கூடாதென்று ஆயிஷா (ரழி) அசையாமல் இருந்தார்கள்.

விடிந்தபோது தண்ணீர் இல்லாத நிலையில் தயம்மும் வசனம் இறங்கியது. அது அபூபக்ரின் குடும்பத்தாரால் கிடைத்த முதல் பரக்கத் அல்லவென்று உஸைத் இப்னு ஹுளைர் (ரழி) மகிழ்ந்தார்கள். பின்னர் ஒட்டகத்தை எழுப்பினால் அதன் அடியிலேயே மாலை கிடக்கிறது! கடிந்தவர் தந்தை. கணவரோ மனைவியின் பொருளுக்காக ஒரு கூட்டத்தையே நிறுத்திக் காத்திருந்தார்கள். நம் கணவன்மார் அரை மணி நேரம் கடை வாசலில் நிற்க ஏன் அலுத்துக்கொள்கிறோம்?

வீடு திரும்புமுன்

சில காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்தையும் இருவரும் பிரித்து வைத்திருங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு இருக்கட்டும். ளுஹருக்கு முன் கடை வேலையை முடித்து, தொழுது, சாப்பிட்டு, ஆறிய பின் மீதியைப் பாருங்கள். திரும்பும்போது பஸ்ஸின் பலகையைப் பார்த்து ஏறுங்கள்; சிலாபத்தோடு நிற்கும் பஸ்ஸும் உண்டு. புத்தளம் பஸ்ஸில் வரும் கற்பிட்டிக்காரர்கள் பாலாவிச் சந்தியில் இறங்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உறங்கினால் புத்தளத்தில்தான் கண் விழிப்பீர்கள்!

அப்படி ஆகிவிட்டாலும் போகட்டும், முதலில் சிரிப்பவராக நீங்கள் இருங்கள். தவறு யாருடையது என்ற விசாரணை வேண்டாம். வாப்பாவும் உம்மாவும் இடைஞ்சலைச் சிரித்துக் கடந்ததைப் பார்க்கும் பிள்ளை, நாளை தன் வீட்டிலும் அப்படியே நடந்துகொள்ளும். நம் பயணங்களையும் இல்லறங்களையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக!