புல்லுருவிப் பேய்

பகைவர் இருவகையர். வெளியே நின்று தாக்குவோர் ஒரு வகையர். உள்ளே புகுந்து உறைவோர் மற்றொரு வகையர். புலி முதல் வகையைச் சார்ந்தது. அஃது எங்கே நிற்கின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். அதனோடு பொருவதா, ஓடுவதா என்பதே வினா. மாமரக் கிளையில் வளரும் புல்லுருவியோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. மரத்தின் சாறே அதற்கு உணவு. மரத்தின் கிளையே அதற்கு நிலம். அதனை நீக்க விரும்புவோன் கிளையையும் சேர்த்து வெட்ட நேரிடும். உருவமற்ற பேயொன்று இப்புல்லுருவியைப் போல் மனிதன் ஒருவனைப் பற்றி வாழுமாயின், அவனைக் கொல்லாது அதனை மட்டும் விலக்குவது எங்ஙனம்? மேனாட்டுக் கதையாட்டம் ஒன்றைத் துணைக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே அவ்வாட்டம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துவோர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய வேடங்களுள் ஒவ்வொன்றை மேற்கொள்வர். வேடம் என்றோமேனும், அதற்கு அரங்கும் ஒப்பனையும் வேண்டா. தாம் செய்யக் கருதுவதை வாயினாற் சொல்வதே போதும். பயன் ஐயத்திற்கிடமாகுமிடத்து 20 முகங்களையுடைய கவறு உருண்டு முடிவு கூறும். ஆடுவோர் ஒருவரையொருவர் வெல்ல முயல்வதில்லை. யாவரும் ஒரே கூட்டத்துத் தோழராய் இடர்களைக் கடப்பர். இத்தோழமையே ஆட்டத்தின் அடிப்படை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். புல்லுருவிப் பேய் கை வைப்பது இவ்வடிப்படையின் மீதேயாம்.

இவ்வாட்டத்திற்குரிய பூதங்களைத் தொகுத்துரைக்கும் நூலொன்று 1977இல் வெளிவந்தது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆவிக்குரிய ஆற்றல்களுள் ஒன்றாகக் கூடுபாய்தல் கூறப்படுகின்றது. அருகில் நிற்கும் மனிதன் கவற்றின் துணையால் தன்னைக் காத்துக்கொள்ளத் தவறின், ஆவி அவனுடலுட் புகுந்து மறையும். கையும் காலும் அதன் ஏவலுக்கு உட்படும். ஆயினும் அவனது அறிவு அழிவதில்லை. தன் கை தன் தோழனை வெட்டுவதை அவன் உள்ளிருந்தே கண்டுகொண்டிருப்பான். ஆவி தானே விரும்பி விலகாதவிடத்து அதனை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவ்வுடலின் வலிமை முற்றும் ஒடுங்கும்வரை தாக்குதல். மற்றொன்று, தீயவற்றை ஓட்டும் மந்திரம் முதலியவற்றைக் கையாளுதல். முன்னது எளிது, ஆயின் அடி விழுவது தோழன் மேல்.

இத்தகைய பூதம் வெறுங் கற்பனை என்று தள்ளுதற்கில்லை. இயற்கையிலேயே இதற்கு மாதிரிகள் உள. வெப்ப நாட்டுக் காடுகளில் ‘ஓபியோகார்டிசெப்ஸ்’ என்னும் பூஞ்சணம் சில எறும்புகளின் உடலுட் புகுந்து வளர்கின்றது. பீடிக்கப்பட்ட எறும்பு தன் கூட்டத்தை விட்டு நீங்கித் தாழ்ந்த செடியொன்றில் ஏறி, இலையைக் கவ்வியபடியே இறக்கும். பின்னர் அதன் தலையினின்று பூஞ்சணத்தின் தண்டு முளைத்து வித்துக்களைச் சிந்தும். இவ்வெறும்புகளை ஆராய்ந்தோர் 2017இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: பூஞ்சண அணுக்கள் எறும்பின் தசைநார்களைச் சூழ்ந்து பின்னிக் கிடந்தன, மூளையுள்ளே அவை காணப்படவில்லை. இனி, மரகத நிறமுடைய குளவியொன்று கரப்பானின் மூளையிற் கொட்டி, அதனைத் தானே நகர விரும்பாததாக்கி, உணர்கொம்பைப் பிடித்துக் கன்றைக் கயிற்றால் நடத்துவது போல் வளைக்குள் இட்டுச் செல்லும். அக்குளவி இனத்தைச் சேர்ந்ததும் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதுமான வேறொன்றற்கு, ஆங்கிலக் கதையொன்றில் வரும் உயிருறிஞ்சும் ஆவிகளின் பெயரையே 2014இல் சூட்டினர். பெயரைத் தெரிந்தெடுத்தவர் பெர்லின் நகர அருங்காட்சியகத்திற்கு வந்த பொதுமக்களேயாவர்.

இவற்றைக் கொண்டு புதியதொரு பூதத்தை நாம் வகுப்போமாயின், அதற்கு மூன்று விதிகள் வேண்டும். முதலாவது, வாயில். காரணமின்றி யாரையும் பற்றும் பேய் ஆடுவோர்க்குச் சலிப்பையே தரும். ஆதலின் துயில் நீத்துத் தனியே காவலிருப்பவனை மட்டுமே அது பற்றும் என்போம். இரண்டாவது, அடையாளம். முதலிரவில் அவன் உணவை வெறுப்பான். இரண்டாமிரவில் கூட்டத்தை விட்டு ஒதுங்குவான். மூன்றாமிரவில் உயர்ந்த இடங்களை நாடி ஏறுவான். எறும்பின் வரலாற்றை அறிந்தோர் இக்குறிகளை எளிதிற் படித்தறிவர். மூன்றாவது, நீக்கம். வாள் பேயைத் தீண்டாது. தோழர் ஒவ்வொருவரும் தத்தம் வலிமையில் ஒரு பங்கை நோயுற்றவனுக்கு மனமுவந்து அளித்தால், ஒருவனிடத்து மட்டுமே உண்ணப் பழகிய பேய் பலருடைய உயிராற்றல் கலந்த உணவைத் தாங்கமாட்டாது வெளிப்படும். வெளிப்பட்ட பின்னரே அதனோடு போர். மற்றுங் கதை நடத்துவோர்க்கு ஒரு சொல்: தம் வேடம் பிறர் வசமாவதைச் சிலர் விரும்பார். அத்தகையோரின் இசைவை ஆட்டம் தொடங்குமுன்னரே கேட்டறிதல் முறை.

அடையாளத்தையும் நீக்கத்தையும் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்செட்டர் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் பிரவுன் என்னும் உழவர் வாழ்ந்தார். அவருடைய மனைவியும் மூத்த மகளும் சயரோகத்தால் இறந்தனர். 1892 சனவரியில் 19 வயதுடைய மெர்சி என்னும் மகளும் இறந்தாள். மகன் எட்வினும் அந்நோயால் மெலிந்து கிடந்தான். இறந்தோருள் ஒருவர் கல்லறையில் இருந்தபடியே உயிரோடிருப்பவனை உறிஞ்சுகின்றார் என்று அயலார் நம்பினர். 1892 மார்ச்சு 17ஆம் நாள் உடல்களை எடுத்துப் பார்த்தனர். குளிர்காலத்தில் இறந்து இரண்டு மாதமே ஆகியிருந்த மெர்சியின் உடல் சிதையாதிருந்தது; இருதயத்தில் குருதியும் காணப்பட்டது. இஃது இயல்பே என்று மருத்துவர் கூறியும் கேளாமல், இருதயத்தையும் ஈரலையும் எரித்துச் சாம்பலை நீரிற் கலந்து எட்வினுக்குப் புகட்டினர். மே 2ஆம் நாள் அவனும் இறந்தான். இதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே, 1882 மார்ச்சு 24ஆம் நாள், சயரோகத்தை விளைக்கும் நுண்கிருமியை ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்திருந்தார். குடும்பத்தை உறிஞ்சிய புல்லுருவி உண்மையில் இருந்தது, அது மெர்சியன்று. அவளும் அதற்கு இரையானவளே.

எக்செட்டர் மக்கள் கொடியோரல்லர். எஞ்சிய ஒரு மகனைக் காக்க விழைந்தோரே. ஆயினும் நோயையும் நோயுற்றோரையும் பிரித்தறியாமையால், இறந்த பெண்ணொருத்தியைப் பேயாக்கினர். மேசைமேல் நிகழும் ஆட்டத்திலும் இவ்வினாவே எழுகின்றது. வாளை உருவுமுன், “நம் எதிரே நிற்பது பகையா, பகையைச் சுமக்கும் தோழனா?” என்று கேட்கப் பழகுவது சிறு பயனன்று. புல்லுருவி படர்ந்த மரமும் மாமரமே. அதனை அடியோடு வெட்டுவோன் தோட்டக்காரன் ஆகான்.